இருக்குது அண்ணனின் காலிக் குப்பி

எங்கள் கம்பெனியில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அது சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் இருக்குது அண்ணன். "இருக்குது இன்னும் வரலையா?" என்று மேனேஜர் கேட்பார். "இருக்குது இன்னைக்கு லீவு சார்" என்று நாங்கள் பதில் சொல்வோம். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் கொஞ்ச நாள் முழிப்பார்கள். அவர் ஃபோனில் பேசுவதை ஒரு தடவை கேட்டுவிட்டால் அவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

அவர் வேலையைச் சொல்வதற்கு முன்னால் நாங்கள் விற்கும் சரக்கைச் சொல்லியாக வேண்டும். நான் பேக்கிங் பிரிவு. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பையை அடுக்கி, நடுவில் குப்பியை வைத்து டேப் ஒட்டுவது என் வேலை. அதனால் எனக்குத் தெரிந்த அளவுக்குத்தான் சொல்வேன். நம் உடம்பு வளர்வதற்கு ஒரு ஹார்மோன் ரத்தத்தில் ஓடுகிறது. ஓடினால் மட்டும் போதாது. அதைப் பிடித்துக்கொள்ள ஒவ்வொரு செல்லின் மேலும் ஒரு புரதம் தயாராக நிற்க வேண்டும். அதற்கு வளர்ச்சி ஹார்மோன் ஏற்பி என்று பெயர். வீட்டு வாசலில் இருக்கிற காலிங் பெல் மாதிரி. ஹார்மோன் வந்து அழுத்தினால்தான் உள்ளே இருப்பவர்களுக்கு வளரச் சொல்லி ஆள் வந்திருப்பது தெரியும்.

நாங்கள் செய்வது அந்த பெல்லை மட்டும்தான். அந்தப் புரதத்துக்கான மனித மரபணுவைத் தொட்டியில் வளரும் செல்களுக்குள் நுழைத்து, அவற்றை வேலை வாங்கி, வந்ததை வடிகட்டிச் சுத்தம் செய்து, உறையவைத்து உலர்த்திக் குட்டிக் குப்பியில் அடைத்து ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அனுப்புகிறோம். புதிதாகச் செய்த மருந்து பெல்லைச் சரியாக அழுத்துகிறதா என்று அவர்கள் சோதித்துப் பார்ப்பார்கள். 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்குக் கொடுப்பதற்கு அல்ல' என்று லேபிளிலேயே போட்டிருப்போம்.

தொல்லை எங்கே என்றால், ஒரு குப்பிக்குள் போகும் புரதம் ஒரு உப்புக்கல் அளவுகூடக் கிடையாது. உலர்ந்ததும் அது கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும். சில சமயம் மூடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் குப்பி காலியாகத்தான் தெரியும். வாரக்கணக்கில் காத்திருந்து, பெட்டியைப் பிரித்து, காலிக் குப்பியைப் பார்க்கிறவருக்கு எப்படி இருக்கும்? உடனே ஃபோனை எடுப்பார். அந்த ஃபோனை இந்தப் பக்கம் எடுக்கிறவர்தான் நம் அண்ணன்.

"காலி இல்ல மேடம், இருக்குது" என்று ஆரம்பிப்பார். குரலில் அவ்வளவு பொறுமை. "கண்ணுக்குத் தெரியலைங்கறதுக்காக இல்லைன்னு ஆயிடுமா? இருக்குது. மூடியைத் திறந்துடாதீங்க. முதல்ல சென்ட்ரிஃபியூஜ்ல வச்சு ஒரு சுத்து சுத்துங்க, மேல ஒட்டியிருந்தா கீழ இறங்கிடும். அப்புறமா தண்ணி விட்டுக் கரைச்சுப் பாருங்க. இருக்குது மேடம், இருக்குது."

பக்கத்து மேஜையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக் கேட்டு என் காதே தேய்ந்துவிட்டது. பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள் அந்தப் பக்கத்திலிருந்து கத்துவார்கள். ஏமாற்றுக்காரன் என்பார்கள். இவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. மறுநாள் அவர்களே கூப்பிட்டு, சோதித்துப் பார்த்தோம், இருக்கிறது என்று வழிவார்கள். இவர் அதற்கும் நன்றி சொல்லுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஆள் குள்ளம். அதைச் சொல்லாமல் கதை நகராது. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் கால் தரையைத் தொடாது. காலுக்கு அடியில் என் பிரிவின் தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருப்பார். அது நசுங்கியதும் என்னிடம் வந்து நிற்பார். நான் இன்னொன்று கொடுப்பேன். அவர் குடும்பமே அந்த உயரம்தான். அவருடைய அக்கா இவருக்கும் அரை விரல் கம்மி. வீட்டில் ஒரு ஸ்டூலை வைத்துக்கொண்டு, மேல் அலமாரிக்கு, ஜன்னல் கொக்கிக்கு, துணிக்கொடிக்கு என்று அதைத் தூக்கிக்கொண்டே அலைவார். அண்ணன் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்த அக்காவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ஆறாம் வகுப்பு போனதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. வகுப்பில் படம் எடுத்தால் முன் வரிசை ஓரத்தில் நிற்கிறவள் அவள்தான். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவாளாம். தம்பியோ பெயரிலேயே வளர்ச்சி இருக்கிற சரக்கை விற்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அக்கா கேட்டதில் என்ன தப்பு?

"அதுல ஒரே ஒரு பாட்டில் கொண்டாடா" என்றாராம்.

"அது வளர்ற மருந்து இல்லக்கா. காலிங் பெல் மாதிரி. பெல்லைக் கழுவிக் குடிச்சா விருந்தாளி வந்துடுவாங்களா?"

"ஊருக்கெல்லாம் அனுப்புற. அக்கா பொண்ணுக்குக் குடுக்கக் கை வரலை."

இதே பேச்சு பல மாதம் நடந்தது. கடைசியில் அக்கா பேசுவதையே நிறுத்திவிட்டார். அண்ணனுக்கு அம்மா அப்பா இல்லை. வளர்த்ததே அந்த அக்காதான். ஃபோன் மணி அடிக்கும்போதெல்லாம் ஒருவேளை அக்காவோ என்று நிமிர்வார். எவனோ ஒருவன் பாட்டில் காலி என்பான். அந்த நாட்களில் அவர் 'இருக்குது' சொன்னது அழுகிற மாதிரி இருந்தது.

நேரில் காட்டி விளக்கினால் அக்காவுக்குப் புரியும் என்று அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. எங்கள் பிரிவில் லேபிள் ஒட்டும் மிஷினைச் சரிபார்க்க, சரக்கே போடாத குப்பிகளில் லேபிள் ஒட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுவோம். அந்தக் குப்பைக் கூடையிலிருந்து ஒன்றை என் கண்முன்னால்தான் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அக்காவைக் கெஞ்சித் தன் வீட்டுக்கு வரவழைத்து, மேஜைமேல் குப்பியை வைத்து, பாடம் நடத்தினார்.

"இது காலிக்கா. ஆனா உண்மையான பாட்டிலும் இதே மாதிரிதான் இருக்கும். கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா உள்ள இருக்கும்."

அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாராம். அண்ணன் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா குடித்தார், தம்பியின் தலையைத் தடவிக் கொடுத்தார், கிளம்பிப் போனார். விஷயம் புரிந்துவிட்டது என்று இவருக்கு ஒரே சந்தோஷம். குப்பியை மட்டும் காணோம். சோபாவுக்கு அடியில் உருண்டிருக்கும் என்று விட்டுவிட்டார்.

அக்காவுக்குப் புரிந்தது வேறு. தம்பி வாயைத் திறந்து கொடுத்தால் அவன் வேலைக்கு ஆபத்து. அதனால் காலி என்று சொல்லி மேஜையில் வைத்துவிட்டு, எடுத்துக்கொள்ளட்டும் என்றே உள்ளே போய்விட்டான். எவ்வளவு சாமர்த்தியம்.

கொஞ்ச நாள் கழித்து அக்கா ஃபோன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அண்ணன் முகம் மலர்ந்தது, பிறகு குழம்பியது.

"நான் எதுவும் குடுக்கலையேக்கா... எந்த பாட்டில்?... அக்கா, அது காலிக்கா... சத்தியமா காலி."

"சரிசரி, ஃபோன்ல இதெல்லாம் பேச வேண்டாம்" என்று அந்தப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

நடந்தது இதுதான். அக்கா தினமும் அந்தக் குப்பியில் பாலை நிரப்பி, மூடிக் குலுக்கி, அதை ஒரு பெரிய டம்ளர் பாலில் ஊற்றிக் கலந்து மகளுக்குக் கொடுத்தார். அதற்கு முன்னால் பால் என்றாலே வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவள், மாமா கொடுத்த மருந்து என்றதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அடுத்த வருஷம் அவள் வளர்ந்தாள். சும்மா இல்லை, பாவாடை எல்லாம் முழங்காலுக்கு ஏறுகிற வளர்த்தி. அந்த வயதில் பெண்பிள்ளைகள் திடுதிப்பென்று வளர்வது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். அதை அக்காவிடம் யார் சொல்வது?

அண்ணன் சொல்லிப் பார்த்தார். நேரில் சொன்னார், சிரித்துக்கொண்டு சொன்னார், கோபமாகவும் சொன்னார். "என் தம்பிக்கு அடக்கம் ஜாஸ்தி" என்றார் அக்கா. பகலெல்லாம் நிரம்பிய குப்பியைக் காலி என்கிறவர்களோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் காலிக் குப்பியை நிரம்பியது என்கிற ஒருவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கடைசியில் விட்டுவிட்டார். அக்கா திரும்பப் பேச ஆரம்பித்ததே போதும் என்று நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்பேன்.

அதன் பலன் ஒரு நாள் காலையில் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து இறங்கியது. ஒரு கையில் பெரிய கேக் பெட்டி, தோளில் கைப்பை, முகம் நிறையச் சிரிப்பு. அண்ணன் தடுப்பதற்குள் அக்கா நேராக மேனேஜர் அறைக்குள் போய்விட்டார். பெண்தான் வளர்ந்துவிட்டாளே, சொன்னால் கம்பெனிக்கும் பெருமைதான், இனி தம்பிக்கு என்ன ஆபத்து என்று நினைத்துவிட்டார் போல. கேக்கை வெட்ட ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். அதனால்தான் இவ்வளவும் சொல்ல முடிகிறது.

"உங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேங்க" என்றார் அக்கா. "உங்க மருந்து ரொம்ப நல்ல மருந்து. என் பொண்ணு இப்போ என்னைவிட உசரம்."

மேனேஜர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பாராட்டு என்று வந்தால் எதற்கு என்றுகூடக் கேட்காத ஆள். பாதிச் சிரிப்பில்தான் அவருக்கு உறைத்தது. நாங்கள் மருந்து விற்பதில்லை.

"எந்த மருந்தும்மா?"

அக்கா கைப்பையிலிருந்து குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார். எங்கள் லேபிள், எங்கள் மூடி. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

மேனேஜருக்கு மூளை கிடையாது என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கென்று பார்த்து அது வேலை செய்தது. அண்ணனைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார்.

"ஓ. அப்போ இத்தனை வருஷமா பாட்டில் காலி, பாட்டில் காலின்னு எல்லாரும் கத்துறது இதனாலதானா? இங்க நீங்க எடுத்துட வேண்டியது, அங்க இருக்குது இருக்குதுன்னு சொல்லிட வேண்டியது."

"சார், இது லேபிள் பாக்குறதுக்கு வச்ச பாட்டில். குப்பையில கிடந்தது. காலி சார்."

"கண்ணுக்குத் தெரியலைங்கறதுக்காக இல்லைன்னு ஆயிடுமா?" என்றார் மேனேஜர். "நீங்க சொல்றதுதான?"

அண்ணன் செய்துவைத்த கத்தியாலேயே அவரைக் குத்திவிட்டார்கள். நான் பார்த்தேன், அவர் கூடையிலிருந்துதான் எடுத்தார் என்று சொன்னேன். "காலியா இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாமே ஒரே மாதிரிதான இருக்கு" என்று என்னையும் மடக்கினார். சரக்கைத் திருடி மனிதர்களுக்குக் கொடுத்தது நிரூபணமானால் இன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான், போலீஸும் வரும் என்றார். கேக் கத்தி என் கையில் அப்படியே நின்றது.

மேலே ஆய்வகத்திலிருந்து டாக்டரம்மாவை வரவழைத்தார்கள். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, புரதத்திலேயே ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர். அதிகம் பேசமாட்டார். குப்பிக்குள் துளி நீர் விட்டு அலசி, அதை ஒரு பழுப்பு நிறத் திரவத்தில் விட்டார். புரதம் இருந்தால் அது நீலமாகும்; இல்லாவிட்டால் பழுப்பாகவே இருக்கும். எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

நீலமாகிவிட்டது. லேசாகக்கூட இல்லை, பேனா மை மாதிரி நீலம்.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று அக்கா பெருமையோடு தம்பி பக்கம் திரும்பினார். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. இங்கே நடப்பது என்ன என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அடுத்த நொடி அந்த அம்மா அப்படியே தலைகீழாக மாறிவிட்டார். "காலிங்க. ஒண்ணுமே இல்லாத பாட்டில். நான்தான் கிறுக்குத்தனமா ஏதோ உளறிட்டேன். வெளிச்சத்துல வச்சு நல்லாப் பாத்தேன், சுத்தமாக் காலி. என் பொண்ணு தானா வளர்ந்தா." ஒரு வருஷமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததை ஒரே மூச்சில் விழுங்கினார். மேனேஜர் காதில் வாங்கவே இல்லை.

டாக்டரம்மா மட்டும், "பொண்ணுக்கு எப்படிக் குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"பால்ல."

"பாட்டிலுக்குள்ளேயே பால் ஊத்தினீங்களா?"

"தினமும். நேத்து ராத்திரிகூட. அப்புறம் பச்சைத் தண்ணியில ஒரு அலசு."

டாக்டரம்மாவின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. "பாலும் புரதம்தான் சார். இது எது வந்தாலும் நீலமாகும். எந்தப் புரதம்னு இன்னொரு சோதனையில பாத்துடலாம். கொஞ்சம் நேரமாகும்" என்று சொல்லிவிட்டு, டீ போடும் அறைக்குப் போய் எங்கள் பால் பாக்கெட்டிலிருந்தும் ஒரு துளி எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

அந்தக் காத்திருப்பைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. அக்கா ஒரு ஓரம், தம்பி ஒரு ஓரம். இருவர் காலும் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் போய் இரண்டு தெர்மாகோல் பெட்டிகளைக் கொண்டுவந்து ஆளுக்கொன்று கவிழ்த்துப் போட்டேன். மேனேஜர் தீர்ப்பு வருவதற்குள் கேக்கில் இரண்டு துண்டு தின்றுவிட்டார். திருட்டுக் கேஸில் சாட்சியம் தின்னலாமா என்று கேட்க நினைத்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரம் தாண்டி டாக்டரம்மா இறங்கி வந்தார். கையில் ஜெல்லி மாதிரி மெல்லிய ஒரு தகடு. அதில் மூன்று பத்தி, ஒவ்வொன்றிலும் நீலக் கோடுகள். ஒவ்வொரு புரதமும் தன் எடைக்கு ஏற்ற உயரத்தில் கோடாக நிற்குமாம். ஒன்று எங்கள் உண்மையான சரக்கு. அதன் கோடு மேலே தனியாக நின்றது. ஒன்று டீ அறைப் பால். அதன் தடித்த கோடுகள் கீழே. நடுவில் அக்காவின் குப்பி. அதன் கோடுகள் பாலின் கோடுகளுக்கு நேராக, அச்சடித்தாற்போல் நின்றன. மேலே எங்கள் கோடு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"இது பால் சார். பால் மட்டும்தான்" என்றார் டாக்டரம்மா. "நம்ம சரக்கு இதுல இருந்திருந்தா, இத்தனை நாள் கழுவினதுக்கு மிச்சம் இருக்காதுன்னு நீங்க சொல்லலாம். ஆனா மூடிக்கு உள்பக்கம் பாருங்க. சரக்கு போட்ட பாட்டில்னா உலர்த்துறப்போ மூடியில ஒரு வளையம் அழுந்தியிருக்கும். இதுல இல்ல. இது உலர்த்துற மிஷினுக்கே போகாத பாட்டில்."

மேனேஜர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறு வழி இல்லாமல், "சரி, போய் வேலையைப் பாருங்க" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. கேக் இருந்தது வேறு. அந்த நேரம் பார்த்து அண்ணன் மேஜையில் ஃபோன் அடித்தது. அவர் எழுந்து ஓடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார். "காலி இல்ல சார்... இருக்குது சார்."

அக்காவை வாசல் வரை கொண்டுவிட நானும் அண்ணனும் போனோம். காலிக் குப்பியை டாக்டரம்மா திருப்பிக் கொடுத்திருந்தார். அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு, கேட் பக்கத்தில் நின்று வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அந்த நீலக் கோடுகளை அவரும்தானே பார்த்திருந்தார்.

"அப்போ நிஜமாவே காலிதானாடா?" என்றார். "உன் வேலையக் காப்பாத்தணும்னுதான் நான் அப்படிச் சொன்னேன். அது உண்மையாயிடும்னு நினைக்கலை."

அண்ணன் கேட்டைத் திறந்துவிட்டார். அக்கா நகரவில்லை.

"எல்லார்கிட்டயும் சொன்னேன். என் தம்பி தன் வேலை போயிடுமேன்னுகூடப் பாக்காம என் பொண்ணுக்குக் குடுத்தான்னு. ஒண்ணுமே குடுக்கலையா நீ?"

குப்பியைப் பிடித்திருந்த கை மெதுவாகக் கீழே இறங்கியது. எனக்கே தாங்கவில்லை. ஒரு வருஷமாக அந்த அம்மா கும்பிட்டுக்கொண்டிருந்தது மருந்தை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அண்ணன் அக்கா கையிலிருந்து குப்பியை வாங்கினார். ஃபோனில் பேசும்போது வருகிற அதே பொறுமை அவர் முகத்தில் வந்தது. என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் அண்ணா என்று சட்டையைப் பிடித்து இழுக்கலாம் போல இருந்தது. இவ்வளவு பாடுபட்டு, ஜெல்லித் தகடெல்லாம் வைத்துச் சோதித்து, காலி என்று நிரூபித்து ஒரு மணி நேரம் ஆகவில்லை.

"இருந்துச்சுக்கா" என்றார். "கண்ணுக்குத் தெரியாது. ஆனா இருந்துச்சு."

அக்கா அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். அக்கா குப்பியைத் திரும்ப வாங்கிக் கைக்குட்டையில் சுற்றி, கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். முகத்தில் பழைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

"சின்னவளுக்கும் மிச்சம் இருக்குமாடா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இருக்கும்" என்றார் அண்ணன். "பாலை மட்டும் நிறைய ஊத்துக்கா."